கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னால்

2020 மார்ச்சில் பல்கலைக்கழக வகுப்புகள் ஜூம் திரைக்கு மாறியபோது, ஆசிரியர்களை முதலில் கலங்கடித்தவை வரிசை வரிசையாகத் தெரிந்த கறுப்புக் கட்டங்கள். கட்டத்துக்குள் ஒரு பெயர், மைக்கின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. 'கேமராவைப் போடுங்கள்' என்ற கட்டளையே பல இடங்களில் ஈடுபாட்டுக்கான மருந்தாகிப்போனது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் காஸ்டெல்லியும் சார்வரியும் உயிரியல் ஆய்வக மாணவர்கள் 276 பேரிடம் கேமராவைப் போடாததற்குக் காரணம் கேட்டு, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலரும் சொன்ன காரணம், தம் தோற்றம் பற்றிய கூச்சம். வீட்டார் கண்ணில் படுவார்கள், அறையின் நிலை தெரிந்துவிடும், இணைய வேகம் போதாது என்றும் சொன்னார்கள். சிறுபான்மை இன மாணவர்களை இவற்றுள் சில கூடுதலாக வாட்டின. ஆக, கேமராவைக் கட்டாயமாக்கினால் இடிபடுபவர் முதலில் வசதி குறைந்த மாணவரே.

அப்படியானால் கவனத்தை எது பிடித்து வைக்கிறது? ஹார்வர்டில் உளவியலாளர் ஷாக்டர் குழுவினர் செய்து 2013இல் வெளியிட்ட சோதனை இங்கே கைகொடுக்கிறது. 21 நிமிடப் புள்ளியியல் காணொலியை நான்கு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் ஒரு குழுவினர் பார்த்த பாடத்திலிருந்து சில கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் எழுதினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கேள்விகளை விடையோடு காட்டினார்கள். பதில் எழுதியவர்களிடம் மனம் அலைவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குறிப்பெடுப்பது சுமார் மும்மடங்கானது. விடையைப் படித்துக் கொண்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பதிலைத் தேடி மனம் துழாவும் அந்தச் சில நொடிகளில்தான் மாணவர் வகுப்புக்குள் வருகிறார்.

21 நிமிடச் சோதனையை ஒரு முழு செமஸ்டருக்கு அப்படியே நீட்டிவிட முடியாது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு.

நீண்ட ஓட்டத்துக்கு, இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் ஒரு வழி வைத்திருக்கிறது. வாரந்தோறும் ஒப்படைவு, அதற்குக் கெடு, கடைசியில் நேரில் எழுதும் தேர்வு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைவுகளின் சராசரியே 25 மதிப்பெண்ணுக்குக் கணக்காகும். மின்சாரம் போன வாரமும் காய்ச்சலில் படுத்த வாரமும் மாணவரைப் பாடத்திலிருந்து துரத்திவிடாது. கண்டிப்புக்குள் இப்படி ஓர் இரக்கம் இருக்க வேண்டும். கூடவே, எழுதியதைப் படித்து இரண்டு வரி மறுமொழி சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.

இணையவழி வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. தேவையான உதவி. ஆனால் ஒரு மணி நேர நேரலை விரிவுரை நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கிவிடும். எழுத்தில் வரும் ஒரு கேள்விக்குச் சில கேபி போதும். சிக்னல் கிடைத்த பத்து நிமிடத்தில் மொட்டைமாடியில் நின்று நான்கு வரி பதில் அனுப்பும் மாணவியின் கட்டம், அன்று முழுக்கக் கறுப்பாகவே இருந்திருக்கலாம்.