நிறுத்திக் கேட்டல்: வழுநீக்கியின் ஆணைகள் பிறந்த கதை

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் எட்சாக் என்னும் கணினி தன் முதல் நிரலை ஓட்டி முடித்தது. அடுத்த மாதமே அதனை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், எய்ரி என்பவர் பெயரால் வழங்கும் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு ஒரு நிரல் எழுத முற்பட்டார். 126 கட்டளைகள், அவற்றில் ஏறத்தாழ இருபது பிழைகள். கணினி இருந்த அறைக்கும் நாடாவில் துளையிடும் கருவி இருந்த இடத்துக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பொழுதில், தம் எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி தாம் எழுதும் நிரல்களில் தாமே செய்யும் பிழைகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்பது தமக்கு முழுமையாக உறைத்ததாக அவர் 1985இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார். அந்தத் துளைநாடா தொலையாமல் கிடைத்திருப்பதால், இருபது பிழை என்பது கிழவர் ஒருவரின் மிகைக்கூற்று அன்று என்பதும் நமக்குத் தெரிகிறது.

கணினிப் பிழையின் வரலாறு என்றதும் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் மின்விசைமாற்றியில் 1947 செப்டம்பர் 9ஆம் நாள் அகப்பட்ட அந்துப்பூச்சியையே எல்லோரும் காட்டுகிறார்கள். குறிப்பேட்டில் ஒட்டிவைக்கப்பட்ட பூச்சி உண்மைதான். ஆனால் பொறிகளின் கோளாற்றைப் பூச்சி என்று சுட்டும் வழக்கம் அதற்கு மிக முந்தியது. 1878இலேயே எடிசன் அவ்வாறு எழுதியிருக்கிறார். பூச்சிக் கதை நகைச்சுவைக்கு உதவும். வில்க்ஸ் ஏறி இறங்கிய படிக்கட்டுதான் வரலாற்றுக்கு உதவும். அங்கேதான் பிழை என்பது வெளியிலிருந்து பறந்துவந்து விழுவதன்று, எழுதியவன் மனத்திலிருந்தே இறங்குவது என்பது முதன்முதலாகத் தெளிவாயிற்று.

தமிழில் இதற்கு ‘வழு’ என்னும் சொல்லைக் கணினித்துறையினர் தேர்ந்தது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். ‘டீபக்கர்’ என்று பேச்சில் வழங்குவதை ‘வழுநீக்கி’ என்று எழுதுகிறோம். நன்னூல் வழுக்களை ஏழாக எண்ணும்போது திணை, பால், இடம், காலம், மரபு ஆகியவற்றோடு வினாவையும் விடையையும் சேர்த்துக்கொள்கிறது. சொல்லில் மட்டுமன்று, கேட்கும் கேள்வியிலும் வழு நேரலாம் என்று நம் இலக்கணிகள் கருதினார்கள். வழுநீக்கியின் கதையைப் படிக்கும்போது இந்த வினாவழு நமக்கு அடிக்கடி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஏனெனில் வழுநீக்கி எதையும் நீக்குவதில்லை. அது கேள்வி கேட்பதற்கான கருவி மட்டுமே. நீக்குவது மனிதனுடைய வேலை.

எட்சாக்கில் கேள்வி கேட்பதற்கு வழியிருந்ததா என்றால், ஒருவகையில் இருந்தது. நினைவகத்தின் உள்ளடக்கத்தைப் புள்ளிகளாகக் காட்டும் திரைக்குழாய்கள் இருந்தன. கட்டளைகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் பொத்தானும் இருந்தது. ஆனால் ஒருவர் அப்படிப் பொத்தானை அழுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வரிசையில் காத்துக்கிடக்க வேண்டும். கணினி நேரம் பொன்னைப்போல் அளந்து செலவிடப்பட்ட காலம். எனவே கேம்பிரிட்ஜில் அந்தப் பழக்கம் ஊக்குவிக்கப்படவில்லை. மாற்றாக, நிரல் நின்றுபோனதும் நினைவகத்தில் எஞ்சியதை அச்சிட்டுக் கொடுக்கும் துணைநிரல்கள் வந்தன. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிரேதப் பரிசோதனை’. ஸ்டான்லி கில் 1951இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இன்னொரு வழியைச் சொல்லிற்று: ஒரு நிரலை மற்றொரு நிரல் தன் கைப்பிடியில் வைத்துக் கட்டளை கட்டளையாக நடத்திச் சென்று, நடந்தவற்றை அச்சிட்டுக்கொண்டே போகும். இது பிணத்தை அறுப்பதைவிட மேலானதுதான். ஆயினும் நிரலர் அங்கே பார்வையாளரே. இடையில் வாய் திறக்க அவருக்கு உரிமை இல்லை.

அந்த உரிமை கிடைத்த இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கட்டப்பட்ட டி.எக்ஸ்-0 என்னும் கணினி, அடுத்த பெரிய பொறிக்கு அதன் நினைவகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 65,536 சொற்களுக்குப் பதிலாக 4,096 சொற்களே கொள்ளும் ஏழையாக 1958இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் ஏழ்மையே மாணவர்களுக்குச் செல்வமாயிற்று. ஐ.பி.எம். பொறிகளின் அருகில் மாணவர்கள் நெருங்க முடியாது. அட்டைக் கட்டைச் சாளரத்தில் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். டி.எக்ஸ்-0இலோ, முறைப்படி நேரம் குறித்துக்கொண்டவர் அந்த நேரம் முழுவதும் பொறியின் முன் தனியே உட்காரலாம். எதிரில் ஃபிளெக்சோரைட்டர் என்னும் தட்டச்சுப்பொறி. மனிதன் தட்டச்சிடுகிறான், கணினி அதே தாளில் அடுத்துத் தட்டச்சிட்டு விடையளிக்கிறது. உரையாடல் என்னும் சொல்லை முழுப் பொருளில் வழங்கத்தக்க நிலை.

இங்கே ஜாக் டென்னிஸும் தாமஸ் ஸ்டாக்ஹாமும் எழுதி, 1960இல் விளக்கக் குறிப்பு வெளியிட்ட நிரலின் பெயர் ஃப்ளிட். ‘ஃபிளெக்சோரைட்டர் விசாரணை நாடா’ என்பதன் சுருக்கம் அது. ஃப்ளிட் அக்காலத்தில் வீடுதோறும் அடிக்கப்பட்ட பூச்சிமருந்தின் பெயரும்கூட. பெயரில் சிலேடை இருப்பதைவிட, ‘விசாரணை’ என்னும் சொல் இருப்பது நம் கவனத்துக்குரியது. ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தி வைத்து, இந்த இடத்தில் என்ன இருக்கிறது, அந்த மாறியின் மதிப்பு என்ன என்று கேட்கலாம். அதுவும் நினைவகத்தின் எண்முகவரியைச் சொல்லியன்று. நிரலர் தாம் எழுதும்போது வைத்த பெயரைச் சொல்லியே கேட்கலாம். தாம் வைத்த பெயரால் தம் நிரலைக் கூப்பிட முடிந்தது சிறிய வசதியன்று. ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவில் எது எங்கே என்று தேடுவதிலேயே செத்துப்போன கவனம், பிழையைப் பற்றி எண்ணுவதற்கு மீண்டு வந்தது. (ஸ்டாக்ஹாம் பின்னாளில் ஒலிப்பதிவைப் பதினெண் வடிவுக்கு மாற்றும் துறையில் முன்னோடியானார், நிக்சனின் ஒலிநாடாவில் இருந்த பதினெட்டரை நிமிட வெற்றிடத்தை 1974இல் ஆராய்ந்த வல்லுநர் குழுவிலும் இருந்தார். விசாரணை அவரை விடவில்லை போலும்.)

1961இல் டெக் நிறுவனம் தன் பி.டி.பி-1 கணினி ஒன்றை அதே பல்கலைக்கழகத்துக்கு வழங்கிற்று. அதற்காக ஃப்ளிட்டின் வழியில் ஒரு வழுநீக்கியை எழுதியவர் ஆலன் கோட்டக் என்னும் மாணவர். அப்போது இருபது வயதை எட்டியிராதவர் அல்லது அப்போதுதான் எட்டியவர். ‘டெக் டீபக்கிங் டேப்’ என்பதன் முதலெழுத்துகள் டி.டி.டி. ஆயின. ஃப்ளிட்டைவிட வீரியமான பூச்சிமருந்து வேண்டுமல்லவா? நம் நாட்டில் மலேரியாவை ஒழிக்கச் சுவர்தோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்ட ஆண்டுகளும் அவையே. அந்த மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ரேச்சல் கார்சனின் நூல் மறு ஆண்டு, 1962இல், வந்தது. மருந்து பல நாடுகளில் தடைபட்டது. நிரலின் பெயர் மட்டும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

டி.டி.டி.யின் ஆணைகளைப் பார்த்தால் அவற்றின் சிக்கனம் வியப்பளிக்கும். ஒரு பெயரைத் தட்டி அதனை அடுத்து ஒரு சாய்கோடு இட்டால் அந்த இடத்தின் உள்ளடக்கம் அச்சாகும். தொடர்ந்து ஒரு புதிய மதிப்பைத் தட்டி வரியை முடித்தால் அது பழையதன் இடத்தில் உட்காரும். இடத்தைச் சொல்லி ‘பி’ என்றால் அங்கே நிறுத்து, ‘பி’யில் இரண்டு உண்டு, ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாவது எழுத்தான மற்றொன்றைத் தட்டினால் நின்ற இடத்திலிருந்து மேலே செல், ‘ஜி’ என்றால் இங்கிருந்து ஓடு. முழுச்சொற்கள் இல்லை, மன்னிப்பும் இல்லை. தட்டச்சுப்பொறி நொடிக்குப் பத்து எழுத்தளவே அடித்த காலத்தில், ஓரெழுத்து ஒருமொழியைவிடச் சிறந்த ஆணை வேறு இல்லை. அந்தப் பொறிகள் காட்சிசாலைக்குப் போய்விட்டன. அந்த எழுத்துகள் போகவில்லை.

இவற்றுள் ‘நிறுத்து’ என்பதே தலையாயது. பிரேக்பாயிண்ட் என்று நிரலர்கள் சொல்லும் நிறுத்தப்புள்ளி எனியாக் காலத்தது என்பர். அங்கே கம்பியைப் பிடுங்கிப் பொறியை நிறுத்தியதால் வந்த பெயராம். மென்பொருளில் அது நிகழும் விதம் வேறு. ஓரிடத்தில் நிறுத்துமாறு கேட்டதும், வழுநீக்கி அந்த இடத்திலுள்ள கட்டளையை எடுத்து மறைவாக வைத்துக்கொண்டு, அங்கே தன்னிடம் தாவச் சொல்லும் வேறொரு கட்டளையை எழுதிவிடுகிறது. ஓடிவரும் நிரல் அந்தப் படியில் கால்வைத்ததும் வழுநீக்கியின் கையில் விழுகிறது. மேலே செல்லச் சொன்னால், மறைத்துவைத்த மூலக்கட்டளையை நிறைவேற்றிவிட்டு நிரலை அதன் போக்கில் விடுகிறது. இன்டெல் நிறுவனத்தின் 8086 வழிவந்த சில்லுகளில் இதற்கென்றே ஒரேயொரு பைட் நீளமுள்ள கட்டளை இருக்கிறது. மிகச் சிறிய கட்டளையின் இடத்திலும் அது பொருந்த வேண்டும்; அடுத்த கட்டளையின் மேல் அதன் நிழல் விழக்கூடாது. அதனால்தான் ஒரு பைட்.

ஆக, கேள்வி கேட்பதற்காகப் பாடத்தையே திருத்துகிறார்கள். கேட்டு முடித்ததும் பழைய பாடத்தை மீட்டுவைக்கிறார்கள். சுவடிப் பதிப்போடு சிறிதளவேனும் பழகியவர்களுக்கு இது எத்தனை அபாயமான தொழில் என்பது சொல்லாமலே விளங்கும். கணினியிலும் அந்த அபாயம் மெய்யானது. பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும் நிரலில் ஒன்றை நிறுத்திவைத்தால் மற்றவற்றின் கால ஒழுங்கு மாறிவிடுகிறது. தனியே விட்டால் தோன்றும் பிழை, நாம் நிறுத்திப் பார்க்கும்போது தோன்றாமல் ஒளிந்துகொள்கிறது. பார்த்தால் மறையும் இவ்வகைப் பிழைக்கு இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரைத் திரித்து ‘ஹைசன்பக்’ என்று நிரலர்கள் பெயரிட்டார்கள். ஜிம் கிரே 1985இல் எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் அச்சொல் வருகிறது. கேள்வியே விடையைக் கெடுத்துவிடும் இந்த நிலையை வினாவழு என்றே நாம் குறிக்கலாம்.

இதற்குப் பிந்திய கதை பெரும்பாலும் குடிவழிக் கதை. கேரி கில்டால் தம் சி.பி.எம். இயங்குதளத்தின் வழுநீக்கிக்கும் டி.டி.டி. என்றே பெயர் வைத்தார். டிம் பேட்டர்சன் 1980இல் எழுதிய டீபக் என்னும் நிரல் எம்.எஸ். டாஸுடன் ஊர் ஊராகப் போயிற்று. ஒரு சிறு கோட்டை மட்டும் காட்டிவிட்டு, ஓரெழுத்து ஆணைக்காக அது காத்திருக்கும். யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், 1979இல், ஸ்டீவ் போர்ன் எழுதிய ஏ.டி.பி. அந்தச் சிறு கோட்டைக்கூடக் காட்டவில்லை. கேட்டாலன்றிப் பேசாத அந்த மௌனத்துக்கு அஞ்சியவர்கள் பலர். அதிலும் முகவரியை அடுத்துச் சாய்கோடு இட்டால்தான் உள்ளடக்கம் தெரியும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜி.டி.பி.தான் ஆணைகளை மனித மொழிக்கு ஓரளவு திருப்பிற்று. நிறுத்து, அச்சிடு, அடுத்தது, உள்ளே போ, தொடர் என்று பொருள்படும் முழுச்சொற்கள் அதில் உண்டு. ஆயினும் யாரும் முழுச்சொல்லைத் தட்டுவதில்லை, முதலெழுத்தே போதும். எதையும் தட்டாமல் வெறுமனே வரியை முடித்தால் முந்தைய ஆணையையே மறுபடி நிறைவேற்றும். இவ்விடத்துக்கு எந்தச் செயல்கூற்று எதனை அழைத்து வந்து சேர்ந்தோம் என்பதை அடுக்கிக் காட்டும் ஆணையே அதில் மிகவும் பயன்படுவது. நிரல் விழுந்த இடத்தைக் காட்டிலும் அது வந்த வழி அதிகம் பேசும். நினைவகத்தை ஆராயும் ஆணையில் 1961இன் சாய்கோடு வேறொரு வேலை பெற்று இன்னும் இருக்கிறது.

இத்தனை வசதி இருந்தும், வல்லவர்கள் பலர் இந்தக் கருவியை ஐயத்தோடுதான் பார்த்தார்கள் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. பிரையன் கெர்னிகன், கவனமான சிந்தனையும் உரிய இடங்களில் இட்ட அச்சிடு கட்டளைகளுமே சிறந்த வழுநீக்கி என்னும் கருத்தினர்; 1999இல் ராப் பைக்குடன் எழுதிய நூலிலும், அழைப்பு அடுக்கைப் பார்ப்பதற்கு அப்பால் வழுநீக்கியைத் தாங்கள் அதிகம் நாடுவதில்லை என்கிறார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2000இல் இன்னும் கடுமையாகப் பேசினார். லினக்ஸின் கருவுக்குள் வழுநீக்கி சேர்க்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்த அவர், அத்தகைய கருவி இருந்தால் மக்கள் காரணத்தை எண்ணிப் பாராமல் அறிகுறியைத் திருத்திவிட்டுப் போவார்கள் என்று வாதிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008இல், 2.6.26ஆம் பதிப்பில் அந்த வழுநீக்கி உள்ளே வந்தது.

நம் சார்பு முழுமையாக எந்தப் பக்கமும் இல்லை. எண்ணாமல் கேட்பவனுக்கு ஆயிரம் விடை கிடைத்தாலும் பயனில்லை என்பதில் டோர்வால்ட்ஸ் சொல்வது சரி. ஆனால் தாமே எழுதிய நிரலை எண்ணிப் பார்ப்பது ஒன்று. பத்தாண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன இலட்சம் வரிகளை எண்ணிப் பார்ப்பது வேறு. உரையாசிரியன் ஒருவனும் இல்லாத பெருநூலில் சிக்கியவனிடம் ‘சிந்தித்துப் பார்’ என்று மட்டும் சொல்வது, பெரும் புலவர்களுக்கே உரிய இரக்கமின்மை.

ஒரு கேள்வியை மட்டும் இந்த ஆணைகள் நெடுங்காலம் கேட்கவிடவில்லை. ‘இந்த மதிப்பு இப்போது என்ன’ என்று கேட்கலாம். ‘இது எப்போது கெட்டது’ என்று கேட்க முடியாது. நிரல் முன்னோக்கியே ஓடுகிறது. நிறுத்தப்புள்ளியைத் தாண்டிவிட்டால் தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஓட்ட வேண்டும். 1969இல் ராபர்ட் பால்சர் எக்ஸ்டாம்ஸ் என்னும் அமைப்பில், ஓட்டத்தின் வரலாற்றையே நாடாவில் பதிந்து பின்னோக்கிப் புரட்டிக் காட்டினார். பொதுப் புழக்கத்திலிருந்த ஜி.டி.பி.யில் பின்னோக்கிச் செல்லும் ஆணைகள் 2009இல், ஏழாம் பதிப்பில், வந்தன. ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, கெட்டுப்போன மாறியின் மேல் ஒரு காவலை நிறுத்திவிட்டு, பின்னோக்கித் தொடரச் சொன்னால், அந்த மதிப்பைக் கடைசியாக மாற்றிய வரியில் வந்து நிற்கும். வில்க்ஸ் அப்போதும் இருந்தார். மறு ஆண்டு, 2010இல், தமது 97ஆம் வயதில் மறைந்தார்.