ஆழமும் அகலமும்: இரு மாணவர்களின் வாசிப்பு

அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்பார்கள். மாணவர்களின் அன்றாட வாசிப்புக்கும் இது பொருந்துமா? ஏறத்தாழ ஒரே காலத்தில் பள்ளியில் படித்த இருவரை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒருவர் 1887இல் பிறந்த சீனிவாச இராமானுஜன்; மற்றவர் 1891இல் பிறந்த அம்பேத்கர். இருவர் வீட்டிலும் பணத்தட்டுப்பாடு. வகுப்பில் சொல்லித் தந்ததோடு இருவருமே நின்றுவிடவில்லை.

இராமானுஜனுக்கு வாய்த்தது ஒரே நூல். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1903இல், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குப் பயிற்சி அளித்து வந்த ஆசிரியர் எழுதியது அது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. நிரூபணங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையே இராமானுஜனுக்கு நன்மையாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். காகிதம் வாங்க முடியாததால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அம்பேத்கர் வாசித்தது பல நூல்களை. பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீடு. மகன் கேட்ட புத்தகத்துக்காக மணமான மகள்களிடம் கடன் கேட்டுப் போனவர் அவர் தந்தை ராம்ஜி. பள்ளி விட்டதும் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படிப்பது மகனின் வழக்கம். அங்கே அவரைக் கவனித்த ஆசிரியர் கேலுஸ்கர் நூல்கள் தந்து ஊக்குவித்தார். 1907இல் அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். கல்லூரிப் படிப்புக்குப் பரோடா மன்னரின் உதவி கிடைக்கவும் துணை நின்றார். சாதியின் பெயரால் பள்ளியில் மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தை அம்பேத்கர் பின்னாளில் தம் முயற்சியால் கற்றார்.

இனி பலன்களை ஒப்பிடுவோம். ஆழ்ந்த வாசிப்பு இராமானுஜனைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கியது. ஆனால் பிற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பிறகு எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்விலும் தோற்றார். புதிய நூல்கள் எட்டாததால், ஐரோப்பியர் முன்பே கண்டறிந்த பலவற்றை மீண்டும் கண்டுபிடிப்பதில் அவர் உழைப்பின் ஒரு பகுதி கழிந்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற பிறகே அந்த இடைவெளி குறைந்தது.

அம்பேத்கரின் அகன்ற வாசிப்போ ஒரு துறையின் அறிவை இன்னொரு துறையில் பயன்படுத்தும் ஆற்றலைத் தந்தது. 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மானிடவியல் ஆகியவற்றையும் படித்தார். நாணயச் சிக்கலையும் சாதியையும் அரசியல் சட்டத்தையும் ஒரே மனிதர் ஆராய முடிந்தது இதனால்தான். இந்த அகலம் நுனிப்புல் மேய்ந்து வந்ததன்று. இலண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து படித்தவர் அவர்.

வேறுபாடுகளுக்கு அடியில் உள்ள ஒற்றுமை ஒன்றுதான்: விடாத பழக்கம். தேர்வு வந்தால் விழுந்து விழுந்து படிப்பதும், முடிந்ததும் மூடி வைப்பதும் இருவரிடமும் இல்லை. ஆசிரியரும் பணமும் பள்ளியும் தர முடியாமல் போனதை அந்தப் பழக்கம் தந்தது.

ஆகவே அந்தப் பழமொழி மாணவர்களுக்குப் பாதி வழிதான். ஆழமும் வேண்டும், அகலமும் வேண்டும். மாணவர்களே, பிடித்த பாடத்தில் ஒரு நூலை எழுதுகோலும் கையுமாக நாள்தோறும் படியுங்கள். பாடத்துக்கு வெளியே உள்ள ஒரு நூலில் தினமும் சில பக்கங்களாவது படியுங்கள். இரண்டையும் இன்றே தொடங்குங்கள்.