சுண்ணாம்பு இருமண்: கனடியப் புல்வெளியின் வறண்ட பகுதி

மணல், வண்டல், களி ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றை மிஞ்சிவிடாதபடி கலந்திருக்கும் மண் இருமண். ஏறத்தாழ 40 விழுக்காடு மணல், 40 விழுக்காடு வண்டல், 20 விழுக்காடு களி என்பது இதன் இலக்கணம். இத்துடன் கால்சியம் கார்பனேட்டும் படிந்து கிடந்தால் அது சுண்ணாம்பு இருமண். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் மண் நுரைத்துப் பொங்கும்; வயலில் இதைவிட எளிய சோதனை இல்லை. கடுங்குளிரும் மழைக்குறைவும் சேர்ந்த கசக்ஸ்தான், மங்கோலியா, லடாக் போன்ற இடங்களில் இவ்வகை மண் காணப்படுகிறது. மிக விரிவாக ஆராயப்பட்ட பகுதிகளுள் ஒன்று, கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தின் தென்மேற்கும் ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கும் சேர்ந்த புல்வெளி. இக்கட்டுரை அப்பகுதியைப் பற்றியது.

இந்த மண்ணை அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சுண்ணாம்பு எத்தனை ஆழத்தில் தொடங்குகிறது? மழையின் அளவு, நிலத்தின் சரிவு, உழவில் பறிபோன மேல்மண் ஆகிய மூன்றுக்கும் அந்த ஆழத்திலேயே கணக்கு இருக்கிறது.

தோற்றம்

கடைசிப் பனியுகத்தில் லாரன்டைடு பனிப்படலம் வடகிழக்கிலிருந்து நகர்ந்து இந்நிலத்தை மூடியது. வரும் வழியில் மானிட்டோபா பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லையும் டோலமைட்டையும் பெயர்த்து அரைத்தது. அவற்றோடு கனடியக் கேடயப் பகுதியின் கிரானைட் பாறைகளும், அடியில் கிடந்த கிரெட்டேசியக் காலக் கடல் களிப்பாறையும் சேர்ந்தன. ஏறத்தாழ 15,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கியபோது இந்தக் கலவை அப்படியே இறங்கியது. ஆற்று நீர் மணலை ஓரிடத்திலும் களியை வேறிடத்திலும் பிரித்துப் போடும். பனிக்கட்டி அப்படிப் பிரிப்பதில்லை. பெரும்பாறை முதல் களித்துகள் வரை எல்லாம் ஒன்றாகவே கிடந்ததால்தான் இங்கே இருமண் இவ்வளவு பரவலாக அமைந்தது. இங்குள்ள சைப்ரஸ் குன்றுகளின் உச்சி பனிக்கு மேலே தப்பி நின்றது.

அந்தப் பாறைகள் இன்றும் உழவரை விடவில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்து விரியும்போது கற்கள் சிறிது சிறிதாக மேலெழும்புகின்றன. பொறுக்கி எடுத்த வயலில் சில ஆண்டுகளில் மறுபடி கல் தலைகாட்டும். வயலோரங்களில் குவிந்திருக்கும் கற்குவியல்கள் பல தலைமுறை உழைப்பு.

குளிரும் வறட்சியும்

ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து 300 முதல் 400 மில்லிமீட்டர் வரைதான். அதிக மழை ஜூன் மாதத்தில். நிலத்திலிருந்து ஆவியாகக்கூடிய நீரோ இதைவிட மிக அதிகம். குளிர்காலத்தில் வெப்பம் சில நாட்களில் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் இறங்கும். மண் ஒரு மீட்டருக்கும் ஆழமாக உறையும். உறைபனி இல்லாத காலம் ஏறத்தாழ நான்கு மாதம்.

சுண்ணாம்பு இங்கே தங்கியதற்குக் காரணம் வறட்சி. குளிரைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. வேதியியல் அதற்கு நேரெதிர். குளிர்ந்த நீரில் கரியமில வாயு அதிகம் கரைகிறது, அந்த நீர் சுண்ணாம்பையும் அதிகம் கரைக்கிறது. குளிரோடு நல்ல மழையும் இருந்திருந்தால் மேலடுக்கின் சுண்ணாம்பு எப்போதோ அடித்துச் செல்லப்பட்டிருக்கும். இங்கே நடப்பது வேறு. மழைநீர் மேலடுக்கின் சுண்ணாம்பைப் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொண்டு சில சாண் இறங்குகிறது. அதற்குள் புல்லின் வேர் நீரை உறிஞ்சிவிடுகிறது. நீர் போனதும், கரைந்தது மீண்டும் கார்பனேட்டாகப் படிகிறது. ஈரம் வழக்கமாக நின்றுவிடும் ஆழம் எதுவோ, அதுவே சுண்ணாம்பு அடுக்கின் இடம்.

குளிரின் பங்கு கரிமப் பொருளில் தெரிகிறது. ஆண்டில் பாதி நாள் நுண்ணுயிர்கள் முடங்கிக் கிடப்பதால், மக்கிய வேர்கள் முழுதாகச் சிதையாமல் சேர்ந்து மேல்மண்ணுக்கு நிறம் கொடுக்கின்றன. ஆனால் வறட்சியால் புல்லின் விளைச்சலே குறைவு. அதனால்தான் வடக்கே ஈரமான பகுதியின் கருப்பு நிறம் இங்கே பழுப்போடு நின்றுவிட்டது. கனடிய மண் வகைப்பாட்டில் இது செர்னோசெம் வரிசையின் பழுப்புப் பிரிவு. உலக மண் வகைப்பாட்டில் பெரும்பாலும் கஸ்டனோசெம்.

குழி வெட்டினால்

உழாத புல்தரையில் ஒரு மீட்டர்க் குழி வெட்டினால் முதல் 10–15 சென்டிமீட்டர் பழுப்பு மேல்மண், வேர்கள் பின்னிக் கிடக்கும். அதன்கீழ் சற்றே செம்பழுப்பான அடுக்கு. கையால் பெயர்த்தால் செங்குத்தான தூண் துண்டுகளாக உடையும். இவ்விரண்டிலும் அமிலம் விட்டால் ஒன்றும் நிகழாது. ஏறத்தாழ 30–45 சென்டிமீட்டரில் நிறம் சட்டென வெளுக்கும். அங்கே விட்ட சொட்டு சீறும். இந்த அடுக்கிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் மேற்புறம் சுத்தமாகவும் அடிப்புறம் வெள்ளைப் பூச்சோடும் இருக்கும். கல்லின் மேல் வழிந்த நீர் அடிப்பக்கத்தில் தொங்கி நின்று, காய்ந்து, சுண்ணாம்பை விட்டுப் போன தடம் அது. இன்னும் கீழே, கலவை மண்ணில் தொடக்கத்திலிருந்தே உள்ள சுண்ணாம்பு மட்டும் இருக்கும்.

இது சமதரையின் கணக்கு. இங்கோ நிலம் அலையலையாக மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. மேட்டில் விழும் நீர் வழிந்தோடிவிடுவதால் ஈரம் ஆழம் போவதில்லை. சுண்ணாம்பு மேற்பரப்பை ஒட்டியே நிற்கும். பள்ளத்தில் பனி உருகிய நீர் தேங்கி ஊறுவதால் சுண்ணாம்பு ஒரு மீட்டருக்குக் கீழும் போய்விடும். ஒரே வயலில் நூறு அடி நடப்பதற்குள் மூன்று வகை மண்ணைக் கடக்க நேரும். வயல் முழுவதற்கும் ஒரே மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரே உரப் பரிந்துரை வாங்குவது இந்நிலத்துக்குப் பொருந்தாத பழக்கம்.

உழவு இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்கியது. கலப்பை ஒவ்வொரு முறையும் மேட்டின் மண்ணைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது. காற்றும் மேட்டைத்தான் முதலில் தேய்க்கிறது. மேல்மண் போனபின் கலப்பை சுண்ணாம்பு அடுக்கையே கிளறுகிறது. வசந்த காலத்தில் வெள்ளைத் தலைகளோடு தெரியும் மேடுகள் இப்படி உண்டானவை.

பள்ளத்தில் தெரியும் வெள்ளை வேறு. அது சுண்ணாம்பன்று, உவர்: பெரும்பாலும் சோடியம், மக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட் உப்புகள். கடல் களிப்பாறையிலிருந்து கரைந்த உப்பு நிலத்தடி நீரோடு ஏறி, நீர் ஆவியானதும் தரையில் பூக்கிறது. சாப்ளின் ஏரியில் இந்தச் சோடியம் சல்பேட்டைத் தொழிலாகவே எடுத்தார்கள். மேட்டு வெள்ளை பயிரை வெளிறச் செய்யும். பள்ளத்து வெள்ளை முளைக்கவே விடாது.

ஊட்டமும் பயிரும்

சுண்ணாம்பு இருக்கும்வரை கார அமில நிலை 8.2 அளவைத் தாண்டுவது அரிது. அதற்கு மேல் ஏறினால் சோடியம் சேர்ந்து களராகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கால்சியம் களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்து மண்ணைப் பொலபொலப்பாக வைக்கிறது. நீர் இறங்கவும் வேர் ஓடவும் இடம் கிடைக்கிறது. சாம்பல் சத்தைப் பொறுத்தவரை மண்ணின் களித்தாதுக்களே பெரும்பாலும் போதுமானதைத் தருகின்றன.

சிக்கல் மணிச்சத்தில். இட்ட பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சேர்மமாகிவிடும். வசந்த காலத்தில் மண் குளிர்ந்திருப்பதால் வேர் வளர்ச்சியும் மந்தம். இருக்கும் கொஞ்சமும் எட்டாது. எனவே உரத்தை வயலில் தூவாமல், விதையோடு அல்லது விதைக்கருகில் வரியாக இடுவது வழக்கமாயிற்று. மணிச்சத்தை அளக்க அமிலம் கொண்டு மண்ணைச் சோதித்தால் சுண்ணாம்பு அந்த அமிலத்தையே தின்றுவிடும், அளவு தப்பும். இதற்கு மாற்றாகச் சோடியம் பைகார்பனேட் கரைசலைப் பயன்படுத்தும் முறையை 1954இல் அமெரிக்காவில் ஸ்டெர்லிங் ஓல்சனும் உடனிருந்தோரும் வெளியிட்டனர். சுண்ணாம்பு மண்ணுக்கு இன்றும் அதுவே பரவலான சோதனை.

இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் போவதுண்டு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும் இலை அதன் அடையாளம். யூரியாவை மேலாக வீசினால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கும். மண்ணுக்குள் புதைத்தால் இழப்பு குறையும்.

உழவின் வரலாறு

1857 முதல் 1860 வரை இப்பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசர், தென்பகுதி பயிருக்கு ஏற்றதன்று என எழுதினார். அந்த முக்கோண நிலம் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1870களின் கடைசியில், மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன் இதே நிலத்தைப் பொன் விளையும் பூமியாகக் கண்டார். இருவரும் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் அரசும் ரயில் நிறுவனமும் கேட்க விரும்பியது மக்கூனின் சொல்லை. 1880களின் தொடக்கத்தில் ரயில் பாதை தெற்கு வழியாகப் போடப்பட்டது. குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் குடியேற்றம் நடந்தது.

ஈரம் சேர்க்க ஓராண்டு பயிரிடாமல் உழுதுபோடும் கோடைத்தரிசு முறை வேரூன்றியது. அந்த நீண்ட ஓய்வில் விழும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மண்ணில் தங்கியது. மறுபுறம், வேரில்லாத நிலத்தில் ஆழமாக இறங்கிய நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு சரிவின் அடியில் வெளிவந்து, புதிய உவர் நிலங்களை உண்டாக்கியது. கரிமப் பொருளில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை கரைந்துபோனது. 1930களின் வறட்சியில் புழுதி எழுந்து பறந்த பிறகு, 1935இல் கனடிய அரசு புல்வெளிப் பண்ணை மறுசீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் ஆல்பர்ட்டா உழவர் சார்லஸ் நோபில், மேலிருக்கும் தாளைப் புரட்டாமல் களையின் வேரை மட்டும் அடியில் அறுக்கும் அகன்ற அலகை உருவாக்கினார். ஸ்விஃப்ட் கரன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 1967இல் தொடங்கிய பயிர்ச் சுழற்சிச் சோதனை, தரிசைக் குறைத்துத் தொடர்ந்து பயிரிட்டால் கரிமப் பொருள் மீள்வதைக் காட்டியது. இப்போது பெரும்பாலான வயல்களில் உழவே இல்லை. உயரமாக விட்ட கோதுமைத் தாள் பனியைப் பிடித்து வைக்கிறது. தாளுக்கிடையே நேரடியாக விதைக்கிறார்கள்.

தரிசின் இடத்துக்கு வந்த பயிர்களில் முதன்மையானது மைசூர்ப் பருப்பு தரும் அவரையினச் செடி. சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தின் ஆல்பிரட் ஸ்லிங்கார்ட் 1978இல் ‘லேர்ட்’ என்ற ரகத்தை வெளியிட்ட பின் பரப்பு பெருகியது. பின்னர் சிவப்புப் பருப்பு ரகங்களும் சேர்ந்தன. அமிலமற்ற மண்ணில் இதன் வேர்முடிச்சுகள் நன்றாக வேலை செய்கின்றன. வேர் ஆழம் போகாததால் அடுத்த கோதுமைக்கு ஈரமும் மிஞ்சுகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறும் கனடியப் பருப்பில் பெரும்பங்கு சஸ்காட்செவனுடையது. அடிக்கடி பயிரிட்டதால் அஃபனோமைசிஸ் என்னும் வேரழுகல் இப்போது பரவியிருக்கிறது. அது கண்ட வயலில் 6 முதல் 8 ஆண்டு கழித்தே மீண்டும் பருப்பு விதைக்கச் சொல்கிறார்கள்.