பேயும் நாகரும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் உண்டென்றவரும் இல்லையென்றவரும்

பேய், பிசாசு, சாத்தான், நாகர் முதலிய அமானுடப் பிறவிகள் உண்மையில் உண்டா என்ற வாதம் யாழ்ப்பாணத் தீவகத்திலும் அதை ஒட்டிய குடாநாட்டுக் கரையிலும் மிகப் பழையது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவை தீவகத்தின் முக்கிய பகுதிகள். இந்த வாதத்தில் மறுப்பாளராக நின்றவர்களிற் பெரும்பாலோர் முழு மறுப்பாளர் அல்லர். பிறர் நம்பியதைப் பேயென்றும் பொய்யென்றும் சொன்னவர்கள் தாம் நம்பியதைத் தொடவில்லை. எல்லோருடைய நம்பிக்கையையும் ஒரே அளவுகோலால் அளந்தவர்கள் மிகச் சிலரே.

வாதத்தின் தொடக்கம் நாகரிடம் இருக்கிறது. மணி பதித்த ஆசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்னும் இரு நாக அரசர் போருக்கு நின்றதாகவும், புத்தர் நாகதீபத்துக்கு வந்து அவர்களைச் சமாதானப்படுத்தியதாகவும் மகாவம்சம் சொல்கிறது. இதே கதை மணிமேகலையில் மணிபல்லவத் தீவில் நடக்கிறது. நாகதீபமும் மணிபல்லவமும் நயினாதீவே என்பது ஊர் வழக்கு. மணிபல்லவத்தை வேறிடங்களில் வைத்துப் பார்த்த ஆய்வாளரும் உண்டு. நயினாதீவில் இன்று நாகவிகாரையும் நாகபூஷணி அம்மன் கோயிலும் அருகருகே உள்ளன. அம்மனுக்குப் பூக்கொண்டு கடல் நீந்திவந்த நாகத்தையும் அதை வழிமறித்த கருடனையும் பற்றிய கதைக்குச் சாட்சியாக, பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரண்டு கற்களைத் தீவார் காட்டுவர்.

மணிமேகலையை நம்பிக்கையின் நூலாக மட்டும் படிப்பவர்கள் அதில் மறுப்பாளருக்கும் குரல் இருப்பதைக் கவனிப்பதில்லை. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன் என்ற வணிகன், அங்கே ஆடையின்றித் திரியும், மனிதரைத் தின்னும் நாகர் நடுவே அகப்படுகிறான். அவர்கள் மொழி தெரிந்ததால் உயிர் தப்புகிறான். நாகர் தலைவன் அவனை மடக்கிக் கேட்கும் கேள்வி கூர்மையானது: உடலை விட்ட உயிர் எப்படி இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரும்? தீயில் இட்ட பிணத்துக்கு நோவு தெரியாதிருப்பதைக் காட்டிச் சாதுவன் விடை சொல்கிறான். நாகர் உண்டா என்று பிற்காலத்து அறிஞர் வாதிட்டார்கள். இங்கோ நாகனே, உயிர் என்று தனியாக ஒன்று உண்டா என்று கேட்கிறான்.

அதே காப்பியத்தில் வஞ்சி நகரத்துப் பூதவாதி இன்னும் வெளிப்படையானவன். தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் சேர மதுவின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் ஒன்றுசேர உணர்வு பிறக்கிறது. கண்ணால் கண்டதே அறிவு என்பது அவன் கட்சி. மணிபல்லவத்தில் முற்பிறப்பை உணர்ந்ததாக மணிமேகலை சொல்ல, அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம் என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். காப்பியம் அவள் பக்கம் நிற்கிறது. ஆனாலும் அவன் கூற்றைக் கேலிக்குரியதாகச் சிதைக்காமல் முழுமையாகச் சொல்ல விட்டிருக்கிறது. பிற்காலச் சமயக் கண்டன நூல்களில் இந்த நேர்மை அரிது.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாகியான், இந்நாட்டில் முதலில் மனிதர் இல்லை, ஆவிகளும் நாகர்களுமே இருந்தனர் என எழுதினார். வணிகர் வந்தால் ஆவிகள் தம்மைக் காட்டாமல், விலையைக் குறித்துப் பொருளை மட்டும் வைத்துவிடுமாம். பேச்சின்றி நடந்த பண்டமாற்று ஒன்றின் நினைவே இப்படி ஆவிக்கதை ஆயிற்று என்று கொள்வது மிகப் பொருத்தமாகத் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் நாகர் யார் என்பது வரலாற்றாசிரியர்களின் வழக்காயிற்று. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் நாகரை மனித இனத்தாராகக் கொண்டார். செனரத் பரணவிதான அவர்களைப் புராணப் படைப்பு என்று தள்ளினார். கா. இந்திரபாலா பிற்காலத்தில் நாகரை வரலாற்றுக்கால மக்களாகவே கருதினார். வசப மன்னன் காலத்து வல்லிபுரப் பொன்னேடு, நாகதீவை அமைச்சர் ஒருவர் நிர்வகித்த நிலப்பகுதியாகக் குறிக்கிறது. இளநாகன், சோரநாகன் என்று அரசர்களும் முடிநாகனார் என்று புலவரும் இருந்தனர். பெயர் வைத்துக்கொள்ளும் நாகர் மனிதரே. படமெடுத்து ஆசனத்துக்குப் போரிட்டவர்கள் கதையில் உள்ளவர்கள். இரண்டையும் ஒன்றாக்கியதே இந்த வழக்கு நீண்டதற்குக் காரணம்.

நெடுந்தீவிலோ நம்புகிறவர் காட்டும் சான்று தரையிலேயே கிடக்கிறது. பாறையில் பதிந்த பெரிய பாதத்தையும், ஆண்டுக்காண்டு வளர்வதாகச் சொல்லப்படும் கல்லையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். தீவு முழுவதும் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். அத்தகைய கல்லை மழைநீர் எந்த உருவத்துக்கும் அரிக்கும்.

நாகர் வழக்கிலிருந்து சாத்தான் வழக்குக்கு வந்தால், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தனர். நயினாதீவுக் கோயிலும் அதில் தப்பவில்லை என்பதும், 1788இல் மீண்டும் கட்டப்பட்டது என்பதும் கோயில் வரலாறு. உள்ளூர்த் தெய்வங்களைச் சாத்தானின் வேலை என்ற கத்தோலிக்கர், 1658இல் ஒல்லாந்தர் ஆட்சி வந்தபின் தாமே அந்த நிலைக்கு ஆளாயினர். ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபைக்குப் புனிதர் வணக்கமும் மூடநம்பிக்கை. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்த அந்நாட்டில் 1687இல் யோசப் வாஸ் அடிகளார் மறைவாகவே யாழ்ப்பாணம் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் இந்துக்களின் வழிபாட்டைப் பொய்த்தெய்வ வணக்கமென்று விரிவாக எழுதினார். சாத்தான் இருக்கிறான் என்பதில் இவர்களில் யாருக்கும் ஐயமில்லை. யாருடைய கோயிலில் இருக்கிறான் என்பதில்தான் சண்டை.

அமெரிக்க மிஷனார் கணிதத்தையும் இதற்குள் கொண்டுவந்தனர். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தின் நேரத்திலும் அளவிலும் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் பிழை என வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவர் அறிவித்தார். அன்றிரவு பூவரின் கணக்கே சரியாயிற்று. இராகு கேதுப் பாம்புகள் தோற்றன என்று மிஷனார் பேசினர். அது நியாயமற்ற பேச்சு. சாஸ்திரியாரும் கிரகணத்தைக் கணித்துத்தான் சொன்னார். தோற்றது ஒரு கணக்கு, பாம்பு அல்ல.

ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதி, சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமாருக்கு அவர்களுடைய விவிலியத்திலிருந்தே மறுமொழி சொன்னார். அதே நாவலர் 1872இன் 'யாழ்ப்பாணச் சமயநிலை'யில் காடன், மாடன், காட்டேறி, முனி முதலியவற்றை வழிபட்டு உயிர்ப்பலி இடும் சைவரைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய கண்டனம் ஏழைகளின் தெய்வங்கள் மேலேயே விழுந்தது. முனியும் வைரவரும் காவல் நின்ற ஒழுங்கைகளில் அது பெரிதாக எதையும் மாற்றவில்லை. பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் கொத்தி என்னும் பேய்க்குக் கழிப்புக் கழிப்பதும், கலை வந்தவருக்கு வேப்பிலை அடிப்பதும், நூல் கட்டுவதும், கத்தோலிக்க ஊர்களில் அந்தோனியாரிடம் கொண்டுபோவதும் தொடர்ந்தன.

எல்லாவற்றையும் ஒருங்கே மறுத்தவர் ஆபிரகாம் தோமஸ் கோவூர். 1898 ஏப்ரல் 10இல் கேரளத் திருவல்லாவில் மார்த்தோமாத் திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து 1943 வரை தாவரவியல் கற்பித்தார். பின் தென்னிலங்கைப் பாடசாலைகளில் பணியாற்றி 1959இல் ஓய்வுபெற்று, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் இயற்கையை மீறிய ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978 செப்டம்பர் 18இல் அவர் இறக்கும் வரை யாரும் வெல்லவில்லை.

கோவூரின் பெருமை சவாலை விட அவர் வேலை செய்த முறையில் இருக்கிறது. கல் விழும் வீடு, தானாகத் துணி தீப்பற்றும் வீடு, சோற்றில் மண் விழும் வீடு என்று அழைப்பு வந்தால் நேரில் போவார். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனியாக இருத்திக் கேட்பார். பெரும்பாலும் கல்லெறிந்த கை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும். அது சொல்ல வழியில்லாத துயரமுள்ள ஒருவரின் கையாக இருக்கும். அவரைக் காட்டிக்கொடுத்து அவமானப்படுத்தாமல், மனோவசியத்தாலும் பேச்சாலும் ஆற்ற முயன்றார். பூதவாதி சொன்ன மயக்கத்துக்கு இவர் வைத்தியம் தேடினார். அவருடைய வழக்குக் குறிப்பொன்றே 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்றும், 1973இல் தமிழில் 'மறுபிறவி' என்றும் திரைப்படமாயிற்று.

நம்பியவர் பக்கமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1999இல் கத்தோலிக்கத் திருச்சபை திருத்திய பேயோட்டும் சடங்கு முறை, நோயையும் பேய்பிடித்தலையும் குழப்பக் கூடாது என்கிறது. ஆயரின் அனுமதியின்றிக் குரு அதைச் செய்யவும் முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர்க்கால மனவடு பற்றிய தம் எழுத்துகளில், சடங்குகள் துயருற்றவருக்குத் தரும் ஆறுதலை ஒதுக்கித் தள்ளவில்லை.

2011 ஆகஸ்ட்டில், உடலில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்களைப் பற்றி நாடெங்கும் பரவிய 'கிறீஸ் பூதம்' பீதியையும் சிலர் இந்த வரிசையில் வைப்பர். தீவகத்துக்கு எதிர்க்கரையான நாவாந்துறையில் மர்ம ஆட்களைத் துரத்திய மக்கள், அவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடியதாகச் சொன்னார்கள். அன்றிரவு ஏறத்தாழ நூறு பேர் கைதாகி அடிபட்டார்கள். அதிகாரிகள் எல்லாம் வதந்தி என்றனர். துரத்தியவர்கள் ஒருபோதும் அதைப் பூதம் என்று நம்பவில்லை. மனிதரைத்தான் கண்டோம் என்றார்கள். ஆகவே அதை மக்களின் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதுவது தவறு.