பெரும்பாக்கத்து மோஸ்தர்: நாகரிகம் பாயும் திசை பற்றி

ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1904இல் மோஸ்தர் குறித்து எழுதினார். மேல்தட்டினர் புதியதை உடுத்துவர். கீழ்த்தட்டினர் அதைப் பின்பற்றுவர். பின்பற்றியதும் மேல்தட்டினர் வேறொன்றுக்குத் தாவிவிடுவர் என்பது அவர் வாதம். ரசனை வர்க்கத்தின் முத்திரை என்று 1979இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ நிறுவியபோதும் இந்தத் திசை பெரிதாக மாறவில்லை. சென்னையின் தென்புறநகரில் அது பல வேளைகளில் தலைகீழாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் இருவகை இளைஞர்கள் வசிக்கிறார்கள். எல்காட் வளாகத்திலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் மென்பொருள் வேலை பார்த்து, காவலாளி நிற்கும் அடுக்ககங்களில் குடியிருப்பவர்கள் ஒருவகை. மற்றவர்கள் எழில் நகரின் எட்டு மாடி பிளாக்குகளில் வாழ்பவர்கள். அவற்றைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் 1970இல் தோன்றியது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. மக்கள் வாயில் இன்றும் அது ‘ஹவுசிங் போர்டு’தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏராளமான குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன.

விளம்பரங்கள் ‘டிரெண்ட் செட்டர்’ என்று கொண்டாடுவது முதல்வகை இளைஞரை. அவருடைய காபிக் கடை, ஜிம், வார இறுதி ஈசிஆர் பயணம், காலணி எல்லாம் பெங்களூரிலும் குருகிராமிலும் அப்படியே கிடைப்பவை. கடை விரித்ததில் அவர் தேர்ந்தெடுக்கிறார். புதிதாக ஒன்றும் ஆக்குவதில்லை. இது சென்னைக்கே உரியது என்று சுட்டக்கூடிய பாணியை ஆக்குபவர் இரண்டாமவர். பக்கவாட்டில் ஒட்ட வழித்து உச்சியில் வளர்த்து நுனிக்குச் சாயம் பூசிய முடி, கணுக்கால் தெரியும் இறுக்கமான பேன்ட், தவணையிலோ செகண்ட் ஹேண்டிலோ வாங்கிய பைக், கைப்பேசியில் ஓடும் கானாப் பாட்டு: இவற்றைக் கண்டதும் ஊர் ‘புள்ளிங்கோ’ என்று பட்டம் கட்டிவிடுகிறது.

கானாவின் பயணமே இதற்கு நல்ல சான்று. சாவு வீட்டு இரவுகளில் பாடப்பட்ட அதை 1990களில் இசையமைப்பாளர் தேவா திரையிசைக்குள் கொண்டுவந்தார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதனும், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் தம் சொந்தக் குரலிலேயே ஒலித்தார்கள். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியபோது கானா அரசியல் பேசும் இசையாகவும் அறியப்பட்டது. இன்று எந்த ஐடி ஊழியரின் திருமண வரவேற்பிலும் கானா போடாமல் ஆட்டம் சூடு பிடிப்பதில்லை. மோஸ்தர் கீழிருந்து மேலேறுவதை ஜார்ஜ் ஃபீல்டு என்ற ஆய்வாளர் 1970இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். நாம்தான் அதை நம்மூர்த் தெருவில் தேடிப் பார்க்கவில்லை.

இதுவும் சினிமாவையும் வெளிநாட்டுக் கால்பந்து வீரர்களையும் பார்த்து அடித்த நகல்தானே என்று மறுப்பவர்கள் உண்டு. மூலம் வெளியிலிருந்து வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலையலங்காரத்தை கானாவோடும் ‘கெத்து’ என்ற ஒற்றைச் சொல்லோடும் சேர்த்து, கையிலுள்ள சொற்பக் காசுக்குள் ஒரு முழுத் தோற்றமாக்குவது நகலெடுப்பவனுக்கு வராது. வீடும் பள்ளியும் வேலையும் ஒரே நாளில் தொலைதூரமாகிப்போன குடும்பத்துப் பிள்ளைக்கு, லாரியில் ஏற்றாமலே கூட வந்த உடைமை இந்தத் தோற்றம். இதைப் புரட்சி என்று புகழவும் எனக்கு மனமில்லை. இந்தச் சுதந்திரம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வாய்த்தது. ஆண்களின் கோட்டையாயிருந்த கானாவில் பாடகி இசைவாணி தனித்துத் தெரிந்ததே, மற்றப் பெண்கள் எவ்வளவு தள்ளி நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

ரசனை மேலேறுகிறது, அதை ஆக்கியவனுக்கு மட்டும் மரியாதை கிடைப்பதில்லை. அதே முடிவெட்டு குளிரூட்டப்பட்ட சலூனில் ‘ஃபேட்’ என்ற பெயரில் பல மடங்கு விலைக்குப் போகிறது. பிளாக் பையன் தலையில் இருந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி விசாரிக்கிறார்கள். தலைமையாசிரியர்கள் பள்ளிக்கே முடிதிருத்துநரை வரவழைத்த செய்திகளை நாம் சிரித்துக்கொண்டே படித்தோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை மறைப்பதும் இப்பகுதி இளைஞர்கள் பழகிவிட்ட ஒன்று. இதேபோல் மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் பக்கத்துக் கண்ணகி நகரின் சுவர்களில் 2020இல் பெரும் ஓவியங்கள் வரையப்பட்டன. படமெடுக்க நகரவாசிகள் வந்தார்கள். சுவர் அழகானதும் புகழப்பட்டது. சுவருக்குப் பின்னால் வாழ்பவனின் அழகுணர்ச்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பூர்தியூ இந்த இடத்தில் சரியாகவே பொருந்துகிறார்: எது ரசனை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் இன்னும் மேலேதான் இருக்கிறது.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இதே பெரும்பாக்கத்தில்தான் இயங்குகிறது. அதன் அக்கறை பழந்தமிழ் என்பதால் இந்த ரசனையைப் பதிவுசெய்யும் வேலையை அதன்மேல் சுமத்த முடியாது. இங்குள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகமும் எடுத்துச் செய்யலாம். எட்டு மாடிகளில் புழங்கும் பாட்டையும் உடையையும் சொல்லையும், ஆக்கியவர்களின் ஒப்புதலோடும் அவர்கள் பெயரோடும் பதிவுசெய்யுங்கள். அந்த ஆய்வில் எழில் நகர் மாணவர்களைத் தகவலாளிகளாக வைக்காமல் ஆய்வாளர்களாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.