நிலவறையிலிருந்து மேல்தளத்துக்கு: பிரிட்டனில் புற்றுநோய்க் கட்டடங்களின் மாற்றம்

புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு பெரும்பாலும் நிலவறையிலேயே இருந்துவந்திருக்கிறது. காரணம் பொறியியல். இச்சிகிச்சைக்கான லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்தின் கதிர்கள் கசியாதிருக்க மிகத் தடித்த கான்கிரீட் சுவர்கள் வேண்டும். அந்தப் பாரத்தை மண்ணே தாங்கிக்கொண்டால் செலவு குறையும். வாரக்கணக்கில் அங்கே இறங்கிப்போகும் நோயாளியின் மனநிலை வெகுகாலம் வரைபடத்தில் இடம்பெறவில்லை. பிரிட்டனில் அது எப்படி இடம்பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கட்டடமும் நோயாளியைப் பேண வேண்டும் என்ற எண்ணம் பழையது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில் காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் வலியுறுத்தினார். பின்லாந்தின் பைமியோவில் காசநோயாளிகளுக்காகக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த மருத்துவமனை 1933இல் எழுந்தது. படுத்தே கிடப்பவரின் கண்ணுக்கு அறை எப்படித் தெரியும் என்று அவர் யோசித்தார். கண் கூசாத இடத்தில் விளக்கு, உட்கூரைக்குப் பச்சை, தண்ணீர் விழும் ஓசை பக்கத்துப் படுக்கைக்காரரை எழுப்பாதபடி சரித்த கைகழுவும் தொட்டி. காசநோய்க்கு மருந்து கிடைத்தபின் வெயிலையும் காற்றையும் நம்பிய கட்டடங்களுக்குத் தேவை குறைந்தது. மருத்துவமனை இயந்திரங்களைச் சுற்றி வளர்ந்தது.

சூழல் நோயாளியைப் பாதிக்கும் என்பதற்குச் சான்றாக, ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரில், ஜன்னல்வழி மரங்களைப் பார்த்தவர்கள் செங்கற்சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர். அந்த ஆய்வைப் புற்றுநோய்க் கட்டடங்களுக்கு நேரடிச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

புற்றுநோய்க் கட்டடங்களில் திருப்பம் ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. சீனத் தோட்டங்களைப் பற்றி நூல் எழுதிய மேகி கெஸ்விக் ஜென்க்ஸுக்கு 1988இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1993இல் நோய் திரும்பியது. இன்னும் சில மாதங்களே என்று சொல்லப்பட்ட கையோடு, அடுத்த நோயாளிக்கு இடம்விட்டு அவர் ஜன்னலில்லாத நடைபாதையில் போய் உட்கார வேண்டியிருந்தது. எஞ்சிய காலத்தில், கட்டடக்கலை விமர்சகரான கணவர் சார்லஸ் ஜென்க்ஸோடும் செவிலியர் லாரா லீயோடும் சேர்ந்து, நோயாளிகள் ஆறுதல் பெறும் மாற்று இடம் ஒன்றைத் திட்டமிட்டார். 1995இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு எடின்பரோவின் வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனை வளாகத்தில், பழைய குதிரை லாயத்தைக் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மர்ஃபி மாற்றியமைக்க, முதல் மேகி மையம் திறக்கப்பட்டது.

மேகி மையங்களுக்குக் கட்டடக்கலைஞர்களிடம் தரப்படும் தேவைக்குறிப்பே இந்த வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம் என்பது என் கருத்து. வரவேற்பு மேசை கூடாது. நடுவில் சமையலறையும், பலர் சுற்றி உட்காரும் பெரிய மேசையும் வேண்டும். வருபவர் தேநீரைத் தாமே போட்டுக்கொள்ளலாம். எங்கிருந்தாலும் வெளியே பசுமை தெரிய வேண்டும். கழிவறை, ஒருவர் உள்ளே போய் மனம்விட்டு அழுதுவிட்டு வரும் அளவுக்குத் தனிமையானதாக இருக்க வேண்டும். எந்தச் சுகாதாரத் துறை விதிநூலிலும் எதிர்பார்க்க முடியாத வாக்கியம் அது. நோயை அனுபவித்தவரின் அறிவு அதில் இருக்கிறது. டண்டியில் ஃபிராங்க் கெரி (2003), கிர்கால்டியில் ஸாஹா ஹதீத் (2006) எனப் புகழ்பெற்றவர்கள் கட்டித் தந்தார்கள். ரிச்சர்ட் ராஜர்ஸின் நிறுவனம் லண்டனில் கட்டிய மையம் 2009இல் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசு பெற்றது. பெயர்கள் மாறினாலும் சமையலறை மேசை மாறவில்லை.

ஆனால் இம்மையங்களில் சிகிச்சை இல்லை. ஆறுதலும் ஆலோசனையும் பெற்றபின் நோயாளி பழைய நிலவறைக்கே திரும்ப வேண்டும். இந்தக் குறையை நேரடியாக எதிர்கொண்டது, அதே ராஜர்ஸ் நிறுவனம் ஸ்டான்டெக் நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைத்து 2016இல் லண்டனில் திறக்கப்பட்ட கைஸ் புற்றுநோய் மையம். நெருக்கடியான நகர மனையில் எழுந்த பல மாடிக் கட்டடம் அது. கீமோதெரபி, கதிர்வீச்சு போன்ற பிரிவுகள் தனித்தனிக் ‘கிராமங்களாக’ அடுக்கப்பட்டன. கதிர்வீச்சு இயந்திரங்கள் தரைமட்டத்துக்கு மேலே வைக்கப்பட்டன. கனத்த சுவர்களை மாடியில் தாங்க முடியும் என்று தெரிந்துவிட்டபின், நிலவறையைப் பொறியியல் கட்டாயம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அது செலவு பற்றிய முடிவு. அப்படியே வெளிப்படையாக விவாதிக்கப்பட வேண்டும்.