பண்டிதை ரமாபாயும் பஞ்சத்துப் பெண்களும்

மேற்கு இந்தியாவில் வாழும் தமிழருள் சென்னை–மும்பை இருப்புப்பாதையை அறியாதார் இலர். ரேணிகுண்டாவில் திருப்பதி மலையைத் தொலைவிலே கண்டு, ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாகத் தௌண்டு சந்திப்பைக் கடந்தபின், புணே நகருக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் முன்னதாகக் கேட்காவ் என்னும் சிறு நிலையம் ஒன்று வரும். நம் விரைவு வண்டிகளில் பல அங்கே நிற்பதில்லை. படுக்கையைச் சுருட்டுவதிலும் பெட்டிகளை எண்ணுவதிலும் முனைந்திருக்கும் நாமும் அதன் பெயர்ப்பலகையைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், இப்பாதையின் தென்முனைக்கு அருகே பசியால் தந்தையை இழந்த ஒரு பெண், அதன் மறுமுனைக்கு அருகே பசியால் தாய்தந்தையரை இழந்த பெண்கள் ஏறத்தாழ இரண்டாயிரவருக்குத் தாயாக விளங்கினார் என்பது நம்முள் பலர் அறியாத வரலாறு. அவரே பண்டிதை ரமாபாய்.

ரமாபாய் 1858ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலம் என்னும் காட்டிடத்தில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரும் வடமொழிப் புலவர். மனைவிக்கு வடமொழி கற்பித்தார் என்பதற்காகச் சுற்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்டு, ஊரை விட்டுக் காட்டிலே குடியேறியவர் அவர். செல்வம் கரைந்தபின் குடும்பம் முழுவதும் திருத்தலங்கள்தோறும் நடந்து, புராணம் வாசித்து, கேட்போர் இடும் காணிக்கையால் உயிர் வாழ்ந்தது. மகளுக்கும் தாயே வடமொழி கற்பித்தார். ஆனால் உடலுழைப்பால் கூலி பெறும் தொழில் ஒன்றையேனும் அக்குடும்பத்தார் கற்றிருக்கவில்லை. அதைத் தம் குலத்துக்கு இழுக்கு என்றே எண்ணினர்.

அதன் விளைவு 1874ஆம் ஆண்டளவில் தெரிந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் பரவிய காலம். கையிலிருந்த பொருள் தீர்ந்தது, பாத்திரங்களும் விற்றாயின, பிச்சை கேட்க நா எழவில்லை. திருப்பதி மலையை அடுத்த காட்டில் பதினொரு நாள் தண்ணீரும் இலைகளும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமுமே உணவாயின என்று பின்னாளில் ரமாபாயே எழுதி வைத்தார். முதியவரும் பார்வை இழந்தவருமான தந்தை, புனிதக் குளத்தில் மூழ்கி உயிரைத் துறக்கத் துணிந்தார். மகன் சீனிவாசர் அப்பொழுதுதான், குலப்பெருமையை எறிந்துவிட்டுக் கூலி வேலை செய்தாவது பெற்றோரைக் காப்பேன் என்று சொல்லித் தடுத்தார். எனினும் காலம் கடந்துவிட்டது. தந்தை சில நாளில் மாண்டார். தாயும் அதே ஆண்டில் மறைந்தார். தாயின் உடலைச் சுமக்க இருவர்க்குமேல் ஆள் கிடைக்கவில்லை. மகனும் மகளும் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. ரமாபாய் உயரத்தில் குறைந்தவர். பாடையின் ஒரு முனையைத் தோளில் தாங்க இயலாமல் தலையில் சுமந்து மூன்று மைல் நடந்தார். அவருக்கு வயது பதினாறு.

பின்னர் அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து 1878ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடைந்தனர். வடமொழி நூல்களை மனப்பாடமாக ஓதிப் பொருள் கூறும் இளம்பெண்ணைக் கண்டு அந்நகரத்து அறிஞர் வியந்தனர். பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். நல்வாழ்வு நீடித்ததோ எனில், இல்லை. 1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாய் சாதி கடந்து விபின் பிகாரி என்னும் வங்காள வழக்கறிஞரை மணந்தார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 1882இல் கணவர் வாந்திபேதியால் மாண்டார். இருபத்துநான்கு வயதிற்குள் கைம்பெண்ணானவர், மகள் மனோரமாவைக் கையில் ஏந்திப் புணே வந்து, பெண்கள் முன்னேற்றத்திற்கென ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். அவ்வாண்டு கல்வி நிலையை ஆராய வந்த ஹண்டர் குழுவின்முன் தோன்றி, இந்நாட்டுப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

தாமே மருத்துவம் கற்க விரும்பித்தான் 1883இல் அவர் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்து வந்தமையால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. ஆனால் அங்கே வேறொன்று நிகழ்ந்தது. அவர் தங்கியிருந்த வாண்டேஜ் நகரத்துக் கன்னியர் மடத்தார், லண்டனைச் சேர்ந்த புல்ஹம் பகுதியில் ஓர் இல்லம் நடத்தி வந்தனர். நெறி தவறியவர் எனச் சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கு உரிய இல்லம் அது. ரமாபாய் அங்கே சென்று, அப்பெண்களைச் சகோதரிகள் அன்போடு பேணுவதையும், அவ்வாறு பேணப்பட்டவருள் சிலர் மனம் மாறிப் பிறரைப் பேணுவதையும் கண்டார். இத்தகைய பெண்களிடம் இரக்கம் காட்டலாம் என்று தாம் கற்ற நூல்களில் யாண்டும் படித்ததாக அவருக்கு நினைவில்லை. அவர்களுக்கு உரியது கடுந்தண்டனை என்றே படித்திருந்தார். எனவே, இவ்வாறு செய்யுமாறு உங்களைத் தூண்டுவது யாது என்று கேட்டார்.

அச்சகோதரி தர்க்கம் ஒன்றும் நிகழ்த்தவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தைத் திறந்து, இயேசு சமாரிய நாட்டுப் பெண்ணைச் சந்தித்த பகுதியை எடுத்துக் கூறினார். நண்பகல் வேளை; கிணற்றங்கரை; வழிநடந்து களைத்த ஒருவர், யூதர் தீண்டாத குலத்தவளும் ஊரார் ஏசும் ஒழுக்கத்தவளுமான ஒருத்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் கடந்த வாழ்வு முழுவதையும் அறிந்தே கேட்கிறார்; அறிந்தபின்னும் இகழாது பேசுகிறார். ஊர் ஊராக நடந்து தாகமும் பசியும் அறிந்த ரமாபாயின் நெஞ்சில் இக்கதை எவ்வாறு பதிந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். சில்சார் நகரில் கணவர் இல்லத்திலேயே வங்க மொழியிலிருந்த லூக்கா சுவிசேஷத்தை அவர் வாசித்திருந்தார். ஆயினும் புத்தகத்தில் கண்டது வேறு. ஒருவர் செய்கையில் கண்டது வேறு. 1883ஆம் ஆண்டு செப்டம்பரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இதனால் அவர் மேல்நாட்டாரின் சொற்படி நடக்கும் பணிப்பெண் ஆகிவிட்டார் என்று எண்ணினால் அது பெரும் பிழை. அணிய வேண்டிய சிலுவையில் இலத்தீன் சொற்கள் எதற்கு, நம் வடமொழி எவ்வகையில் குறைந்தது என்று கேட்டவர் அவர். புலால் உண்ண மறுத்தார், புடவையை விடவில்லை. செல்ட்டன்ஹம் மகளிர் கல்லூரியில் இருந்த நாளில், ஆண் மாணவர்க்கு அவர் பாடம் சொல்வது தகாது என்று பேராயர் சிலர் தடுத்தபோது, தம் உரிமையை விட்டுக்கொடாமல் கடிதங்களில் வாதாடினார். தம் அறிவுக்கு ஒவ்வாத கோட்பாட்டைப் பிறர் சொல்லியதற்காக ஏற்க முடியாது என்பது அவர் நிலை. உண்மையில், ஞானஸ்நானம் பெற்ற காலத்தில் தாம் கண்டது கிறிஸ்து மதமேயன்றிக் கிறிஸ்துவை அன்று என்றும், அவரைத் தமக்குரியவராக உணர்ந்தது 1891ஆம் ஆண்டளவிலேதான் என்றும் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். மதம் மாறியவர் இத்தனை ஆண்டுகள் கழித்து இவ்வாறு ஒப்புக்கொள்வது அரிதினும் அரிது.

அமெரிக்கா சென்று நூல் எழுதியும் சொற்பொழிவாற்றியும் பொருள் திரட்டி, 1889ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். உயர் சாதிக் கைம்பெண்கள் கல்வி பெறுவதற்கென அமைந்த இல்லம் அது. மறு ஆண்டில் புணே நகருக்கு மாற்றப்பட்டது. முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாயைத்தான் 1893இல் பேராசிரியர் கார்வே மறுமணம் செய்துகொண்டார். பெண் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டை நாடறியும்.

அதே 1893இல் புயல் எழுந்தது. மத விஷயத்தில் சதனம் நடுநிலை வகிக்கும் என்பது தொடக்கத்தில் அளித்த உறுதி. ரமாபாய் தம் அறையில் மகளோடு ஜெபம் செய்வது வழக்கம். கதவு திறந்தே இருக்கும். மாணவியருள் சிலர் தாமே வந்து அமர்ந்தனர். கதவைச் சாத்த அவர் மறுத்தார். ஆலோசகராக விளங்கிய ரானடே, பண்டார்க்கர் ஆகிய பெரியோர் விலகினர். திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. பெற்றோர் பலர் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். இரு பக்கத்தையும் நேர்மையாக நோக்கினால், பெரியோர் அச்சம் முற்றும் ஆதாரமற்றது என்று நாம் சொல்ல இயலாது. ஆசிரியையின் திறந்த கதவு மாணவிக்கு வெறும் கதவு அன்றே! ஆனால் அழைத்துச் செல்லப்பட்ட கைம்பெண்கள் எவ்வாழ்வுக்குத் திரும்பினர் என்பதை அன்று வாதாடியவருள் எத்தனை பேர் எண்ணினர்?

மூன்றாண்டுகளில் பஞ்சம் வந்தது. 1896–97இல் மத்திய மாகாணத்தில் மக்கள் ஈசலென மடிந்தனர். செய்தி கேட்டபோது ரமாபாய்க்குத் திருப்பதிக் காட்டின் நினைவு வந்தது. சதனத்தின் நிதியோ உயர் சாதிக் கைம்பெண்களுக்கென்றே அளிக்கப்பட்டது. வேறு பொருள் கையில் இல்லை. இருப்பினும் புறப்பட்டார். தருமச் சாவடிகளிலும் நிவாரண முகாம்களிலும் அவர் கண்டது பசியை மட்டும் அன்று. அநாதைச் சிறுமியரை உணவு காட்டி அழைத்துச் சென்று விற்போர் அங்கே உலவினர். பசித்தவரைச் சில நாள் சோறு இட்டுக் காப்பாற்றலாம். இச்சிறுமியரை வீடு கொடுத்தாலன்றிக் காக்க முடியாது. எச்சாதி என்று கேளாமல் ஏறத்தாழ முந்நூறு பெண்களை அழைத்து வந்தார். எலும்பும் தோலுமாக, புண்ணும் பேனுமாக வந்தவர்கள். எவ்வளவு பேணியும் பிழையாது போனவர்களும் உளர்.

புணேயில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்ததால் புதியவரை நகரில் வைத்திருக்க அதிகாரிகள் இசையவில்லை. கேட்காவில் தோட்டம் அமைப்பதற்கென வாங்கியிருந்த நிலத்திற்கு அவர்களைக் கொண்டுபோனார். முதலில் குடிசைகள், பிறகு கிணறுகள், பிறகு கல் கட்டடங்கள். அதுவே முக்தி சதனம். இதனிடையே புணே பிளேக் மருத்துவமனையில் பெண்கள் படும் அவதியைக் கண்டித்து 1897இல் அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை சென்றது. ஆளும் அரசினர் தம் மதத்தினர் என்பதற்காக அவர் வாய் மூடவில்லை.

1900இல் குஜராத்திலும் பஞ்சம் பரவியபின் முக்தியில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 2,000 ஆயிற்று. இத்தனை பேர்க்குச் சோறு சமைப்பதே ஒரு போர் அல்லவா? சாரதா சதனத்தில் பயின்ற கைம்பெண்களே ஆசிரியைகளும் செவிலியரும் ஆயினர். தறி நெய்தனர்; செக்கு ஓட்டினர்; மாடு வளர்த்தனர்; உழுதனர்; அச்சுக் கோத்தனர். உடலுழைப்பை இழிவென எண்ணிப் பட்டினி கிடந்த குடும்பத்தின் மகள், தம் பெண்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு கைத்தொழில் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பார்வையற்ற பெண்களுக்கு, அமெரிக்கா சென்று பிரெயில் முறை கற்று வந்த மனோரமா கற்பித்தார். சமூகம் நெறி தவறியவர் என்று தள்ளிய பெண்களுக்கெனக் கிருபா சதனம் என்னும் தனி இல்லமும் எழுந்தது. புல்ஹம் நகரில் கேட்ட கேள்விக்கு ரமாபாய் தாமே அளித்த விடையாக அதனைக் கருதலாம்.

இறுதியாக அவர் மேற்கொண்ட பணி, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம் போன்றோர்க்குத் தனிப்பட்ட முறையில் உவப்பானது. கோப்பு ஒன்றில் வரும் ஒரு சொல்லுக்கு ஈடான சொல் தேடி அரை நாளைக் கழித்துவிட்டுக் களைத்தோம் என்போர் நாம். அவரோ ஈபுரு, கிரேக்கம் ஆகிய மொழிகளை நடுவயதுக்குப்பின் கற்று, விவிலியம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். முன்பே மராத்தி விவிலியம் இருந்தது. ஆனால் அதன் நடை, கற்றோர்க்கே விளங்கும் வடமொழிச் சொற்கள் செறிந்தது என்பது அவர் கருத்து. வடமொழியில் தேசமே வியந்த புலமையுடைய ஒருவர், அப்புலமையை ஒதுக்கி வைத்து, கிணற்றடியில் பேசும் சொல்லைத் தேடினார். தம் இல்லத்துப் பெண்களுக்கு விளங்காத சொல் அவருக்கு உதவாத சொல்லாயிற்று.

1921இல் மனோரமா தாய்க்கு முன்னரே இறந்தார். செவி மங்கி, உடல் நலிந்து, ஒரே மகளையும் இழந்த தாய், அச்சுப்படிகளைத் திருத்துவதை மட்டும் நிறுத்தவில்லை. 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கேட்காவில் மறைந்தார். பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் எழுத்துக் கோத்த அந்நூல் 1924இல் வெளிவந்தது. முக்தி இல்லம் இன்றும் அதே ஊரில் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடமளித்து வருகிறது. 1989இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் கேள்விகளுக்கு முகம் சுளித்த இங்கிலாந்துத் திருச்சபையும் இன்று ஏப்ரல் 30ஆம் நாளைத் தன் நாட்குறிப்பில் அவருக்கென ஒதுக்கியுள்ளது. அங்கே அவர் பெயருக்கு எதிரே, சீர்திருத்தவாதி என்றோ பஞ்ச நிவாரணம் செய்தவர் என்றோ எழுதப்படவில்லை. திருமறையின் மொழிபெயர்ப்பாளர் என்றே எழுதப்பட்டுள்ளது.